நடுவில் நின்ற சுவிட்ச்

புருவம்

தங்கமணியின் புருவம் பொசுங்கிய செய்தியை ராவுத்தர்தான் கொண்டுவந்தார். காலை பத்து மணி இருக்கும். நான் பெஞ்சில் உட்கார்ந்து போர்டு டெஸ்ட் செய்துகொண்டிருந்தேன். ஜீப் வந்து நின்றது. செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தார்.

"செல்வராசு! உன் போர்டு ஒரு மனுசன எரிக்கப் பாத்துச்சுப்பா."

செல்வராசு சார் எங்கள் முதலாளி. தேனியில் பெரியகுளம் ரோட்டில் ஒரு தகரக் கொட்டகைதான் கம்பெனி. ஆறு பேர் வேலை செய்தோம். மோட்டார் ஸ்டார்ட்டர் செய்தோம், டைமர் செய்தோம். அப்புறம் ஏலக்காய் ஸ்டோருக்குக் கன்ட்ரோல் போர்டு. ஏலக்காய் காயவைக்கிற கட்டடத்துக்கு மலையில் ஸ்டோர் என்று பேர். உள்ளே டீசல் பர்னர் எரியும், ஃபேன் சூட்டைத் தள்ளும். பர்னர் எப்போது எரியணும், எப்போது அணையணும் என்று சொல்வது எங்கள் போர்டு.

ராவுத்தருக்கு ஊர் உத்தமபாளையம். தோட்டம் கம்பம் மெட்டுக்கு மேலே. எங்கள் போர்டை முதலில் வாங்கியவர் அவர்தான். அவர் சொல்லி மற்ற தோட்டக்காரர்களும் வாங்கினார்கள். மொத்தம் பன்னிரண்டு போர்டு மலையில் ஓடிக்கொண்டிருந்தது.

தங்கமணி அவருடைய ஸ்டோர் ஆள். சுருளிப்பட்டிக்காரர். பர்னர் வாயில் கரி அடைத்திருக்கிறது என்று கதவைத் திறந்து முகத்தை உள்ளே கொடுத்திருக்கிறார். கதவு திறந்திருந்தால் தீ வரக்கூடாது. வந்தது.

"கண்ணு?" என்று சார் கேட்டார்.

"கண்ணு தப்பிச்சுருச்சு. அல்லா காப்பாத்துனான். புருவமும் முன்மயிரும் போச்சு. நெத்தியெல்லாம் கொப்புளம். கம்பத்து ஆசுபத்திரில களிம்பு தடவி அனுப்பிட்டாக."

சார் பழைய ஃபைலை எடுத்தார். ஏழாம் நம்பர் போர்டு. டெஸ்ட் ஷீட்டில் கதவு வரிசைக்கு நேராக டிக் இருந்தது. கீழே 'பே' என்று ஒற்றை எழுத்து. அது நான்தான். முழுப்பெயர் எழுத எனக்கு நேரமாகும்.

"பேச்சி, கதவ டெஸ்ட் பண்ணுனியா?"

"பண்ணுனேன் சார்."

"பெறகு எப்படி?"

ஷீட்டை வாங்கி அந்த டிக்கை மறுபடி பார்த்தேன்.

ராவுத்தர் என்னைப் பார்த்துச் சொன்னார். குரல் இறங்கியிருந்தது. "பன்னெண்டு ஸ்டோர்லயும் இதே போர்டுதான் ஆத்தா. பன்னெண்டு எடத்துலயும் தெனம் ஒருத்தன் கதவத் தொறந்து மொகத்தக் குடுக்குறான். அத மட்டும் நெனச்சுக்க."

நினைத்துக்கொண்டேன். அன்று முழுதும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.


இன்ட்டு

நான் ஜெயமங்கலத்தில் அஞ்சாவது வரை படித்தேன். பிறகு நூல் மில்லில் கோன் சுற்றினேன். தொண்ணூற்றாறில் இந்தக் கொட்டகைக்கு வந்தேன். முதலில் சால்டரிங், ஈயம் உருக்கி ஒட்டுகிற வேலை. கை நடுங்காது, வாய் பேசாது என்று என்னை டெஸ்டுக்கு மாற்றினார் சார். "பேருதான் பேச்சி. பேச்சே இல்ல," என்று எல்லோரிடமும் சொல்வார். சொல்லிவிட்டு அவரே சிரிப்பார்.

டெஸ்ட் என்பது ஒரு மரப்பலகை. அதில் ஐந்து சுவிட்ச். கதவு, ஃபேன், சூடு, டீசல், மேனுவல். மேலே தள்ளினால் 1. கதவு மூடியிருக்கிறது, ஃபேன் ஓடுகிறது, சூடு ஏறிவிட்டது, டீசல் இருக்கிறது, ஆள் கையால் ஓட்டுகிறார் என்று அர்த்தம். கீழே தள்ளினால் 0. அதாவது இல்லை. மேனுவல் கீழே இருந்தால் ஆட்டோ. பலகையில் ஒரு பல்பும் உண்டு. பல்பு எரிந்தால் பர்னர் எரியும். அவ்வளவுதான்.

ஷீட்டில் வரிசை வரிசையாக 0, 1 போட்டிருக்கும். அதன்படி சுவிட்சைத் தள்ள வேண்டும். பல்பு ஷீட்டில் சொன்னபடி இருந்தால் டிக்.

முதல் நாள் ஷீட்டைப் பார்த்துப் பயந்துவிட்டேன். பாதிக் கட்டத்தில் இன்ட்டு போட்டிருந்தது. பள்ளிக்கூடத்தில் இன்ட்டு போட்டால் தப்பு என்று அர்த்தம். என் நோட்டில் நிறையப் பார்த்திருக்கிறேன்.

"எல்லாம் தப்பா சார்?"

"தப்பு இல்ல ஆத்தா. அது எக்ஸு. அந்த எடத்துல எதுனாலும் வச்சுக்க."

எதுனாலும் என்றால் எங்கள் பக்கம் என்ன அர்த்தம்? டீயா காப்பியா என்று கேட்டால் எதுனாலும் என்போம். ரெண்டில் ஒன்று வரும். ரெண்டையும் வாங்கிக் குடிக்கமாட்டோம்.

நாலாவது வரிசை இப்படி இருந்தது: கதவு 0. மற்ற நாலும் இன்ட்டு. பல்பு எரியக்கூடாது. நான் கதவைக் கீழே தள்ளுவேன். மற்ற நாலும் ஏற்கெனவே கீழேதான் இருக்கும். எதுனாலும்தானே, அப்படியே விட்டுவிடுவேன். பல்பு எரியாது. டிக்.

எட்டு வருஷத்தில் பன்னிரண்டு போர்டுக்கும் இப்படித்தான் டிக் போட்டேன்.

மத்தியானத்தில் தகரம் காயும். கம்பத்துக் கணவாயிலிருந்து காத்து வரும். அந்தக் காத்து ஆனி ஆடியில் நிற்கவே நிற்காது. ஜன்னலில் மேற்கு மலை தெரியும். வெயில் ஏற ஏற மலை கரைந்து வெறும் நீலமாகிவிடும். கை பாட்டுக்குச் சுவிட்சைத் தள்ளும். கண் பாட்டுக்கு மலையைப் பார்க்கும். அங்கேயிருந்து பார்த்தால் நான் தெரிவேனா என்று நினைப்பேன். நான் சால்டர் வைத்த போர்டுகள் அந்த நீலத்துக்குள் எங்கோ இருந்தன.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒரு தடவை கதவுச் சுவிட்ச் உடைந்தது. கடையில் அதே சாதி இல்லை. கிடைத்ததை வாங்கி மாட்டினோம். அது மேலே நிற்கும், கீழே நிற்கும், நடுவிலும் நிற்கும். "நடுவுல விடாத. அங்கன அதுக்கு வேல இல்ல," என்றார் சார். சில நேரம் கை அசந்து நடுவில் விட்டுவிடுவேன். அப்போது பல்பு பாதியாக எரியும். எரிகிறதா அணைகிறதா என்று சொல்ல முடியாது. விடியுமுன் மலையில் தெரியுமே ஒற்றை விளக்கு, பனிக்குள்ளே, அது மாதிரி. எனக்கு அது பிடிக்கும். கொஞ்ச நேரம் பார்ப்பேன். அப்புறம் கீழே தள்ளிவிடுவேன்.

யாரிடமும் சொன்னதில்லை. ஷீட்டில் அதற்குக் கட்டம் இல்லை.


மீதிப் பதினைந்து

மறுநாள் ராவுத்தர் மகளையும் கூட்டிக்கொண்டு வந்தார். ஜமீலா. பெங்களூரில் சிப் கம்பெனியில் வேலை. சிப் செய்வதற்கு முன்பே அது சரியாக வேலை செய்யுமா என்று கம்ப்யூட்டரில் பார்க்கிற வேலையாம். தலைப்பிரசவத்துக்கு உத்தமபாளையம் வந்திருந்தாள். ஏழு மாசம்.

"வீட்ல இருந்தா தின்னு, தூங்கு, தின்னு, தூங்குங்குறாக. அதான் அத்தாகூட வந்துட்டேன்," என்றாள். முதுகைப் பிடித்துக்கொண்டு என் பெஞ்சுக்கு எதிரே உட்கார்ந்தாள். "அக்கா, அந்த ஷீட்டக் குடுங்க."

கொடுத்தேன். நாலாவது வரிசையில் விரலை வைத்தாள்.

"இத எத்தன தடவ பாத்தீக?"

"ஒரு தடவ."

"மீதிப் பதினஞ்சு?"

"என்ன பதினஞ்சு?"

அவள் சிரிக்கவில்லை. அதனால் எனக்கு அவளைப் பிடித்தது. "கதவு கீழ. அத விடுங்க. மீதி நாலு சுவிட்ச் இருக்குல்ல. ஒவ்வொண்ணும் மேல நிக்கும், இல்லன்னா கீழ நிக்கும். மாத்தி மாத்தி வச்சா மொத்தம் பதினாறு வகை. நீங்க ஒண்ணு பாத்திருக்கீக."

"சார் எதுனாலும் வச்சுக்கன்னாக."

"எதுனாலும்னா, எப்படி வச்சாலும் அணைஞ்சு இருக்கணும்னு அர்த்தம்," என்றார் சார் அங்கிருந்தபடி. "எல்லாத்துக்கும்னு சொன்னேன்."

"எதுனாலும்னுதான் சொன்னீக."

"ரெண்டும் ஒண்ணுதான பேச்சி!"

"இல்ல சார்."

ஜமீலா அப்போதுதான் சிரித்தாள். "பெங்களூர்லயும் இதே சண்டைதான். என்ன, அங்கன இங்கிலீசுல போடுவாக."

பதினாறையும் பார்க்க உட்கார்ந்தோம். அவள் சொல்லச் சொல்ல நான் தள்ளினேன். முதல் பத்தில் ஒன்றுமில்லை. பதினொன்றாவது, ஃபேன் மேலே, டீசல் மேலே, மேனுவல் மேலே. கதவு கீழே.

பல்பு பளிச்சென்று எரிந்தது.

தகரத்தில் காத்து தட்டிக்கொண்டிருந்தது. சார் வந்து பல்பைப் பார்த்தார். ஷீட்டைப் பார்த்தார். அவர் முகம் மாறியது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

ஒன்பதாவது வரிசையில் இருந்தது விஷயம். மேனுவல் 1, ஃபேன் 1, டீசல் 1 என்றால் பர்னர் எரியலாம். அந்த வரிசையில் கதவுக்கு இன்ட்டு.

"நாலாவது வரிசை அணைங்குது. ஒம்பதாவது எரிங்குது. ரெண்டுமே இதுக்கு ஒத்துப்போகுது," என்றாள் ஜமீலா. "போர்டுல இருக்குற சிப்பு யார் பேச்சக் கேக்கும்? சார், இங்கன கதவுக்கு ஏன் எக்ஸு போட்டீக?"

"மேனுவல்தானம்மா. கதவப் பத்தி யோசிக்கல."

"அப்ப இதுக்கு அர்த்தம் எதுனாலும் இல்ல. யோசிக்கல."

சார் என்னைத் திட்டவில்லை. நானும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. ஒரே ஷீட்டில் ஒரே குறி. நாலாவது வரிசையில் அது ஒன்று சொன்னது, ஒன்பதாவதில் வேறு சொன்னது. என் காதில் மூன்றாவதாக ஒன்று விழுந்தது.

சாயங்காலத்துக்குள் சார் ஒன்பதாவது வரிசையைத் திருத்தி, அதன்படி போர்டின் சிப்பில் புதிதாக ஏற்றினார். ஜமீலா தன் லேப்டாப்பைப் பலகையோடு வயர் போட்டு இணைத்தாள். எந்த வரிசையைப் பார்த்தாயிற்று, எது பாக்கி என்று அது எண்ணும். பார்த்தது பச்சையாகும். அதற்குக் கவரேஜ் என்று பேர். ஐந்து சுவிட்சுக்கு முப்பத்திரண்டு வகை. முப்பத்திரண்டையும் தள்ளினேன். திரை முழுக்கப் பச்சை. வெளியே மக்காச்சோளக் காடு அந்த நிறத்தில்தான் அசைந்துகொண்டிருந்தது.

"முடிஞ்சுச்சு," என்றார் சார். "தங்கமணி மேனுவல்ல வச்சிருக்கான். அதான் விசயம். மேனுவலத் தொடாதீகன்னு எல்லா ஸ்டோருக்கும் போன் போட்டுருவோம். சீசன் முடியவும் சிப்ப மாத்திக்கலாம்."

ராவுத்தருக்குக் கோபம் திரும்பியது. "தொடாதன்னு நூறு வாட்டி சொல்லியிருக்கேன் அவன்கிட்ட. கேட்டா, ஆட்டோலதான் வச்சிருந்தேன்னு சாதிக்கிறான். பொய் வேற. புண்ணு ஆறவும் கணக்கு முடிச்சு அனுப்பிர வேண்டியதுதான்."

பொய் என்ற சொல் எனக்கு உறுத்தியது. ஏன் என்று தெரியவில்லை.


மேகம்

ராவுத்தர் ஸ்டோருக்கு மட்டும் உடனே சிப் மாற்ற என்னை அனுப்பினார்கள். அவர் ஜீப்பில் போனேன். அதற்கு முன்னால் நான் மலை ஏறியதில்லை. எட்டு வருஷம் ஜன்னலில் பார்த்த நீலத்துக்குள் போகிறோம் என்று இருந்தது. போகப் போக நீலம் இல்லை. வெள்ளை. மெட்டு தாண்டியதும் மேகம் ரோட்டில் உட்கார்ந்திருந்தது. மரம் பக்கத்தில் வந்துதான் மரமானது. காது அடைத்தது. எல்லாம் தூரத்தில் கேட்டது. ஏலக்காய் வாசனை வந்ததும்தான் ஸ்டோர் வந்துவிட்டது என்று தெரிந்தது. கட்டடம் பிறகுதான் தெரிந்தது.

தங்கமணி வாசலில் ஒரு சாக்கின் மேல் உட்கார்ந்திருந்தார். நெற்றி முழுக்க வெள்ளைக் களிம்பு. மேகத்துக்குள் பாதி முகம் இல்லாத மாதிரி இருந்தது.

"நீதான் டிக்குப் போட்ட பொண்ணா?"

"ஆமாண்ணே."

"நல்லாப் போட்ட போ. வீட்டுக்குப் போனா எம் பொண்டாட்டி, யாரு வேணும்ங்குறா."

ராவுத்தர் உள்ளே போய்விட்டார். நான் கேட்டேன். "மேனுவல்ல வச்சீகளாண்ணே?"

"ஏந்தாயி, நீயுமா?" அவர் எழுந்துவிட்டார். "ஆட்டோ. ஆட்டோன்னா ஆட்டோதான். பொய் சொன்னா எம் புருவம் மொளச்சிருமா? பதினோரு வருசமா இந்த ஸ்டோர்ல கெடக்கேன். வேலையவிட்டு நிறுத்துனா நிறுத்தட்டும். பொய்யிங்கக் கூடாது."

போர்டு மாட்டியிருந்த பேனலுக்குப் போனேன். மேனுவல் குமிழைப் பார்த்தேன். ஆட்டோவில் இருந்தது. அதன் மேல் புகைக்கரியும் எண்ணெய்ப் பிசுக்கும் ஒரே படலமாகப் படிந்திருந்தது. குமிழையும் பேனலையும் சேர்த்து மூடியிருந்தது. அதை ஒரு மாசமாக எந்த விரலும் தொடவில்லை.

அவர் பொய் சொல்லவில்லை.

அப்படியானால் நாங்கள் கண்டுபிடித்தது வேறு தப்பு. இந்தத் தப்பு இன்னும் இங்கேதான் இருந்தது.

போர்டிலிருந்து கதவுக்குப் போகிற வயரைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். சுவரில் பைப்புக்குள் போனது. பைப் முடிகிற இடத்தில் வெளியே வந்தது. அங்கே எலி கடித்திருந்தது. செம்பு இழைகள் ஒரு பூ மாதிரி விரிந்து, எதையும் தொடாமல், காற்றில் தொங்கிக்கொண்டிருந்தன. சன்னல் வழியாக மேகம் உள்ளே வந்து அதைச் சுற்றிக்கொண்டு போனது. நுனியில் ஒரு துளி தண்ணீர். விழவும் இல்லை, காயவும் இல்லை.

நல்ல வயராக இருந்தால், என் பலகைச் சுவிட்ச் மாதிரி, கதவு மூடும்போது மேல் பக்கம் தொடும், அது 1; திறக்கும்போது கீழ்ப் பக்கம் தொடும், அது 0. இது மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை.

அப்போது என் பல்பு ஞாபகம் வந்தது. பாதி எரிகிற பல்பு. எத்தனை நாள் அதை அழகு என்று பார்த்துக்கொண்டிருந்தேன்!

வெளியே வந்து ராவுத்தரிடம் சொன்னேன். "பர்னர நிறுத்துங்கய்யா."

"உள்ள ரெண்டு நாள் பறிச்ச காயி கெடக்கு. கறுத்துரும்."

"வெறகடுப்பு இருக்குல்ல."

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். "ஏலே தங்கமணி," என்று கூப்பிட்டார். "பழைய அடுப்பப் பத்த வை."


பாதி வெளிச்சம்

தேனிக்கு வந்ததும் பலகையை எடுத்து வைத்தேன். சாரும் ஜமீலாவும் இருந்தார்கள். ராவுத்தரும் கூடவே வந்தார். ஃபேன் மேலே, டீசல் மேலே. சூடு கீழே. மேனுவல் கீழே, அதாவது ஆட்டோ. கதவுச் சுவிட்சை நடுவில் வைத்தேன்.

பல்பு பாதி எரிந்தது.

"அது நடுவுல நிக்குது. கீழ தள்ளு," என்றார் சார்.

"மலையில அப்படித்தான் சார் நிக்குது."

விரலைத் தண்ணீரில் நனைத்துச் சுவிட்சின் பின்னால் இருக்கிற வயருக்குப் பக்கத்தில் கொண்டுபோனேன். தொடவில்லை. பல்பு பளிச்சென்றது. விரலை எடுத்தேன். மங்கியது. மறுபடி கொண்டுபோனேன். மறுபடி எரிந்தது.

"ஈரம்," என்றேன். "மலை பூரா ஈரம். கதவு தொறந்திருந்தும் மூடியிருக்குன்னு போர்டு நெனச்சிருச்சு."

சார் நாற்காலியில் உட்கார்ந்தார்.

ஜமீலா லேப்டாப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அக்கா, கதவ அங்கனயே விட்டுட்டு மத்ததெல்லாம் மாத்துங்க. நான் புதுசா எண்ணுறேன்." மாற்றினேன். டீசல் இல்லாத வரிசை பச்சையானது. ஃபேன் ஓடாத வரிசை பச்சையானது. அவற்றில் கதவுக்கு இன்ட்டுதான். பல்பு பாதி எரியும்போது மட்டும் திரை ஒன்றும் சொல்லவில்லை. ஊமையாக இருந்தது.

"இது எந் தப்பு," என்றாள். "எக்ஸுக்கு எது வந்தாலும் ஒத்துக்கன்னு எழுதிவச்சிருக்கேன். ஜீரோவும் ஒண்ணும் மட்டுந்தான்னு எழுதல. அறுந்த வயரும் ஒரு 'எது'தான? அதையும் முழுங்கிட்டுப் பச்சை காட்டுது. எந்த வரிசையிலயும் சேராம ஒண்ணு வந்தா கத்தணும்னும் எழுதல."

"நீயுமாம்மா?" என்றார் ராவுத்தர்.

"நானும்தான் அத்தா. அதுக்குத்தான் சம்பளம் வாங்குறேன். வெளிய சொல்லிராதீக."

சார் எழுந்து பேப்பர் எடுத்தார். "புல் டவுன் ரெசிஸ்டர் போட்டாப் போதும். வயர் அறுந்தா, அது கீழ இழுத்து ஜீரோவா வச்சுக்கும். கதவு தொறந்த மாதிரி. பர்னர் அணைஞ்சுரும். எல்லா வயருக்கும் போட்டுருவோம்."

எல்லா வயருக்கும் என்றதும் எனக்கு நாக்கு எழுந்தது. முதல் நாள் எழுந்திருக்க வேண்டியது.

"எதெது சார்?"

"என்னது?"

"எல்லாம்னா எதெது?"

"அஞ்சும்தான்."

"சூட்டு வயரு அறுந்து கீழ போனா, சூடே ஏறலன்னுல்ல போர்டு நெனைக்கும்? எரிச்சுக்கிட்டே இருக்காதா?"

சார் பேனாவை வைத்துவிட்டார். மறுபடி எடுத்தார். பிறகு பேப்பரில் சூட்டு வயரை மட்டும் அடித்து, மேலே இழுக்கிற மாதிரி வரைந்தார். "பேச்சி பேசிருச்சு," என்றார். இந்தத் தடவை அவர் சிரிக்கவில்லை.

"சீசன் முடியவும் மாத்திருவோம்," என்று மெதுவாகச் சொன்னார். பறிப்பு நேரத்தில் பன்னிரண்டு ஸ்டோரை நிறுத்தச் சொன்னால் அடுத்த வருஷம் எவரும் போர்டு வாங்கமாட்டார். அது எனக்கும் தெரியும்.

"பன்னெண்டு எடத்துலயும் எலி இருக்கு சார்," என்றேன்.

ராவுத்தர் ஜீப் சாவியை மேசையில் வைத்தார். "வண்டி இருக்கு. டிரைவர் இருக்கான். மத்த தோட்டக்காரகளுக்கு நான் பேசிக்கிறேன். நாளைக்கே போங்க."


அறுபது ரெசிஸ்டர்

நாலு நாள் மலையில் இருந்தோம். சாரும் நானும். ஒரு ஸ்டோருக்கு ஐந்து ரெசிஸ்டர், ஒரு புது சிப். சால்டரிங் புகை மேகத்தில் கலந்து எது எதென்று தெரியாமல் போகும். ஒரு ஸ்டோருக்கும் அடுத்த ஸ்டோருக்கும் நடுவே ரோடு தெரியாது. டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டே போவார். எங்கிருந்தோ மலையாளத்தில் பதில் சத்தம் வரும். நான் தூங்குகிறேனா, விழித்திருக்கிறேனா என்று சில நேரம் எனக்கே சந்தேகம். கை மட்டும் நடுங்கவில்லை.

ஒவ்வொரு ஸ்டோரிலும் கதவு வயரைக் கழற்றித் தொங்கவிடுவேன். ஈர விரலைப் பக்கத்தில் கொண்டுபோவேன். பர்னர் எரியக்கூடாது. எரியவில்லை என்றால்தான் வயரைத் திரும்ப மாட்டுவேன்.

ஒன்பதாவது ஸ்டோரில் கதவு வயர் ஒரே ஒரு இழையில் நின்றது. நான் தொட்டதும் கையோடு வந்தது. பக்கத்தில் நின்ற ஸ்டோர் ஆள், "இப்பத்தான் கரி எடுக்கத் தொறக்கலாம்னு இருந்தேன்," என்றார். சார் அவரைப் பார்த்துவிட்டு வெளியே போய்விட்டார். கொஞ்ச நேரம் கழித்துத்தான் உள்ளே வந்தார்.

ராவுத்தர் ஸ்டோருக்குக் கடைசியாகப் போனோம். தங்கமணியும் ராவுத்தரும் இருந்தார்கள். சார் நேராகத் தங்கமணியிடம் போனார்.

"நீங்க ஆட்டோலதான் வச்சிருந்தீக. தப்பு எங்களோடது."

தங்கமணி ராவுத்தரைப் பார்த்தார். ராவுத்தர் தொண்டையைச் செருமினார். "பொய்யின்னு சொல்லியிருக்கக் கூடாதுப்பா. மனசுல வச்சுக்காத."

"வேல?"

"எவன்டா ஒன்ன விட்டா? போய் அடுப்பப் பாரு."

தங்கமணி என் பக்கம் திரும்பினார். "புருவத்துக்கு என்ன செய்வீக? அதுக்கும் ரெசிஸ்டர் இருக்கா?"

"மொளைக்கும்ணே," என்றேன்.

முளைத்தது. இடது பக்கம் மட்டும் கொஞ்சம் கோணல்.

அதன் பிறகு எங்கள் ஷீட்டில் இன்ட்டு கிடையாது. 'ஏதாவது ஒன்று வைத்துப் பார்த்தால் போதும்' என்றால் ஒரு குறி. 'எல்லா வகையும் பார்க்க வேண்டும்' என்றால் வேறு குறி. யோசிக்காத கட்டத்தை வெறுமையாக விட வேண்டும், அது நிரம்பும்வரை போர்டு வெளியே போகாது. ரெண்டு வரிசை ஒரே நிலைமைக்கு ஒத்துப்போனால், எது ஜெயிக்கும் என்று பக்கத்தில் எழுத வேண்டும். கடைசியில், ஒவ்வொரு வயருக்கும் அறுந்தால் என்ன என்று தனிக் கட்டம்.

ஜமீலாவுக்குப் பெண் பிறந்தது. பெங்களூர் போய்விட்டாள். ஒரு தடவை போன் செய்தாள். அவள் அங்கே எழுதுகிற கவரேஜ் ஷீட்டிலும் எதிலும் சேராமல் வருவதற்கு ஒரு கட்டம் வைத்திருக்கிறாளாம். அதற்குப் பேச்சி என்று பேர் போட்டிருக்கிறாளாம். என்ன அர்த்தம் என்று எல்லோரும் கேட்கிறார்களாம்.

"என்ன சொன்ன?"

"பேசாம இருக்குறவுகன்னு சொன்னேன்க்கா."

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு எனக்குத் தெரிந்தது ரெண்டுதான். எதுனாலும் என்று ஒருவர் சொன்னால், எதெது என்று கேளுங்கள். கட்டத்தில் இல்லாத ஒன்று கண்ணில் பட்டால், அழகாக இருந்தாலும் சொல்லிவிடுங்கள்.

ரெண்டாயிரத்துப் பத்தில் கண் மங்கி வேலையை விட்டேன். நடுவில் நிற்கிற சுவிட்சை அதுவரை மாற்றவிடவில்லை. கடைசி நாளும் ஒரு போர்டு வந்தது. கதவுச் சுவிட்சை நடுவில் வைத்தேன். ஈர விரலைப் பக்கத்தில் கொண்டுபோனேன். பல்பு இருட்டாகவே இருந்தது. கொஞ்ச நேரம் பார்த்தேன். டிக் போட்டேன். கீழே பேச்சியம்மாள் என்று முழுசாக எழுதினேன்.